மலை ரயில் எஞ்சினும் அந்தப் பாழாய்ப்போன பர்னரும்

போன வாரம் நண்பன் போன் பண்ணி, "மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நீராவி ரயிலில் வரலாமா, பஸ்ஸே போதுமா?" என்றான். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த ரயிலில் ஏறி இறங்குகிறவன் நான். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பது அவனுக்கே தெரியும். அதனால் எஞ்சினைப் பற்றி மட்டும் சொன்னேன்.

எக்ஸ் வகை எஞ்சின், சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரச் சரக்கு. பழைய வரிசையில் கடைசியாக வந்தவை 1952-ஐச் சேர்ந்தவை. மொத்தம் நான்கு சிலிண்டர். கல்லாறு ஸ்டேஷன் வரை இரண்டுதான் உழைக்கும். அதைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் சட்டம் ஆரம்பமாகும். முதல் இரண்டில் வேலை முடித்த நீராவி அடுத்த இரண்டுக்குள் புகுந்து, அந்தச் சட்டத்தைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தைச் சுழற்றும். கிட்டத்தட்ட பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம், சும்மா இல்லை. அந்த இடத்தில் எஞ்சினின் மூச்சு மாறும். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும். அந்த மூச்சைக் கேட்கவே கடைசிப் பெட்டியில் இடம் தேடுவேன்.

நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாற்றினார்கள், அதில்தான் எனக்குக் கோபம். எண்ணெயை எரிக்கும் பர்னர் ஓயாமல் இரைகிறது, அடுப்படியில் பெரிய பம்ப் ஸ்டவ் எரிகிற மாதிரி. கல்லாறு எப்போது வந்தது என்றே தெரிவதில்லை. ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்க, நாம் டீ குடிக்க இறங்கினால், சட்டைக் காலரில் மண்ணெண்ணெய்க் கடை வாசனை. கைக்குட்டையால் துடைத்தால் கறை இன்னும் பெரிதாகிறது.

சரி, நியாயமும் பேச வேண்டும். கரி அள்ளிப் போட்டே இடுப்பொடிந்த ஃபயர்மேனிடம் போய் என் காது சுகத்தைச் சொன்னால் அடிக்க வருவார். கோடையில் கங்கு பறந்து காடு பற்றுகிற பயமும் இல்லை. 2011 முதல் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையே புது எண்ணெய் எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. ஏற்றத்தில் அவை மூச்சு வாங்கி நின்று நான் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்தாலும் எண்ணெய்தான் மேல்.

ஆனாலும் அவனிடம் பஸ்ஸில் வா என்று சொல்லிவிட்டேன். 2021-ல் அதே பொன்மலை ஒரு கரி எஞ்சினையும் செய்து கொடுத்ததே, அது என்றைக்கு ஓடுகிறது என்று விசாரித்துச் சொல்கிறேன், அன்றைக்கு ரயிலில் வா என்றும் சொன்னேன். குன்னூரில் இறங்கிவிடலாம், அதற்கு மேல் டீசல் எஞ்சின்தான்.