மனைவிக்காகக் கட்டிய பழைய மலைச் சைக்கிள்: சில ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு

புதிதாக வாங்குவதா, பழைய ஃபிரேம் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கட்டுவதா என்று யோசிப்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டப்போகிறவரின் உயரத்துக்குப் பொருந்தும் ஃபிரேம் கிடைத்தால் கட்டுங்கள். கிடைக்காவிட்டால் புதிதாகவே வாங்கிவிடுங்கள். சீட், சக்கரம், கியர், பிரேக் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். குழாயின் நீளத்தை மாற்ற வழியில்லை.

என் மனைவி ஓட்டுவது 90களின் நடுப்பகுதியைச் சேர்ந்த, குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகுக் குழாய்களால் ஆன மலைச் சைக்கிள். 26 அங்குலச் சக்கரம், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் இல்லை. வேலைக்கு, கடைக்கு, விடுமுறை நாளில் மண் பாதைக்கு என்று சில ஆண்டுகளாக அவருக்கு அதுதான் வண்டி. கட்டியது நான், ஓட்டுவது அவர். ஆகவே இங்கே வரும் பாராட்டுகளில் பாதி என் சொந்தப் பெருமை. குறைகள் முழுவதும் அவர் சொன்னவை.

அந்தக் காலத்து வண்டியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஏக்கம் அல்ல, அளவுகள். பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 135 மி.மீ., கிராங்க் எனும் பெடல் கைகள் பொருந்தும் சதுர முனை அச்சு, ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ. என்று பல கம்பெனிகளும் ஒரே அளவைப் பின்பற்றிய காலம் அது. இன்றும் அந்த அளவுகளுக்குப் பாகங்கள் வருகின்றன. சஸ்பென்ஷன் ஃபோர்க் உள்ள பழைய வண்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உள்ளே ரப்பர் இற்றுப்போயிருக்கும், மாற்றுப் பாகம் கிடைக்காது, எடையோ அப்படியே இருக்கும்.

ஃபிரேமை வாங்கும் முன் பார்க்க வேண்டியது பெயின்ட்டை அல்ல, சீட் கம்பியை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி கிரீஸ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருந்தது. அடிக் கிராங்க் அச்சைக் கழற்றி, ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, குழாயின் உள்பக்கம் வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் விட்டுவைத்தேன். காலையில் கம்பியின் தலையை வைஸில் இறுக்கிப் பிடித்து, ஃபிரேம் முழுவதையும் பெரிய சாவியைத் திருப்புவதுபோல் திருப்பினேன். முதலில் அசையவே இல்லை. பிறகு 'கிரீச்' என்று ஒரு சத்தம், மயிரிழை அளவு நகர்வு, விளிம்பில் வெள்ளைத் தூள். அந்தத் தூள்தான் அலுமினியத்தின் ஆக்சைடு. அதன் பிறகு கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் திருப்பு என்று வெளியே வந்துவிட்டது. கம்பியில் 26.8 என்று பொறித்திருந்தது. இந்தக் கம்பிகள் 0.2 மி.மீ. இடைவெளியில் பல அளவுகளில் வருகின்றன. '26.6 போட்டு இறுக்கினால் போதும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சீட் வழுக்கி இறங்கும். இன்னும் இறுக்கினால் குழாயின் வாயே பிளக்கும்.

அடிக் கிராங்க் அச்சைக் கழற்றும்போது, அதைத் தாங்கும் வலப்பக்கக் கப் எதிர் மரை என்பதை நினைவில் வையுங்கள். அதைக் கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். பழைய கோன், பால்ரஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அச்சும் பேரிங்கும் ஒன்றாக மூடி வரும் கேட்ரிட்ஜ் ஒன்றைப் போட்டேன். அதன்பின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேலை வரவில்லை.

இனி உடல் பொருத்தம். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் இதுதான் பெரும்பங்கு. பழைய மலைச் சைக்கிளில் ஹேண்டில்பார் குறுகலாகவும் தாழ்வாகவும் இருக்கும், ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் 120 மி.மீ. ஸ்டெம் ஓட்டுபவரை முன்னால் இழுத்துப் படுக்க வைக்கும். நான் 70 மி.மீ. ஸ்டெம் போட்டு, சற்று அகலமான, மேலெழும்பிய ஹேண்டில்பாரை மாட்டினேன். அந்தக் காலத்து ஸ்டெம்மில் உயரத்தை மாற்றுவது சுலபம். மேல் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும். வேண்டிய உயரத்தில் வைத்து இறுக்க வேண்டியதுதான். குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் தூக்கக்கூடாது. ஸ்டெம் குட்டையானதால் திருப்பம் கொஞ்சம் துடுக்காகிவிட்டது என்று எனக்குப் பட்டது. அவருக்கு அது பிடித்திருக்கிறது, ஆகவே விவாதம் முடிந்தது.

கிராங்க் 175 மி.மீ. நீளம் இருந்தது. அவர் உயரத்துக்கு அது அதிகம். பெடல் மேலே வரும்போதெல்லாம் முழங்கால் வயிற்றை நோக்கி வந்தது. 165க்கு மாற்றினோம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு முழங்காலில் இருந்த உளைச்சல் போய்விட்டது என்கிறார். சீட்டைப் பொறுத்தவரை மெத்தையைப் பார்த்து ஏமாறக் கூடாது. உட்காரும் எலும்புகளின் இடைவெளிக்கு ஏற்ற அகலம்தான் முக்கியம். பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அகலமான பின்பகுதி வேண்டும் என்றாலும் அது ஆளுக்கு ஆள் மாறும். பஞ்சு மெத்தை போன்ற ஒன்றை முதலில் போட்டுப் பார்த்தோம். அரை மணி நேரம் சொர்க்கம், அதற்கு மேல் மரத்துப்போகிறது. இப்போது இருப்பது கெட்டியான, நடுவில் பள்ளம் உள்ள சீட்.

ஆனால் அவர் மனமார மெச்சிய மாற்றம் இவை எதுவும் அல்ல. முதல் ஓட்டம் முடிந்து இறங்கியதும் அவர் சொன்னது இதுதான்: "உங்கள் கைக்குச் செய்த பிரேக் இது. என் விரல் பிடியைப் போய்ச் சேர்வதற்குள் குறுக்கே வந்தவர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்." பிரேக் பிடியின் உள்பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை உள்ளே திருகினால் பிடி ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கும். அலன் கீயால் சில சுற்று, கேபிளைக் கொஞ்சம் சரிசெய்தல், அவ்வளவுதான். சிறிய கை உள்ள யாருக்காவது வண்டி தயார் செய்கிறீர்கள் என்றால் முதலில் அந்தத் திருகைத் தேடுங்கள்.

ரிம்மை இருபுறமும் கவ்வும் பழைய கான்டிலீவர் பிரேக்கை, அதைவிட நீண்ட கைகள் கொண்ட வி-பிரேக்காக மாற்றினேன். ஃபோர்க்கிலும் பின் குழாயிலும் இருக்கும் அதே முளைகளில் அது பொருந்திவிடும். பிடிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வி-பிரேக்குக்குக் கேபிளை ஏறக்குறைய இரு மடங்கு நீளம் இழுக்க வேண்டும். பழைய பிடியோடு விட்டால் பிடி ஹேண்டில்பாரில் போய் முட்டும், வண்டி நிற்காது.

கியரில் முன்னால் இருந்த மூன்று பற்சக்கரங்களை எடுத்துவிட்டு, 30 பல் கொண்ட ஒன்றை மட்டும் வைத்தேன். பின்னால் 11 முதல் 34 பல் வரை, எட்டு கியர். மூன்று சக்கரங்களோடு இருந்த மிகத் தாழ்ந்த கியர் இதில் கிடைக்காதுதான். ஆனால் அவர் ஏறும் மேடுகளுக்கு இது தாராளம். சமதளத்தில் மிக வேகமாக மிதிக்கும்போது கால் வெறுமனே சுழல்கிறது என்று எப்போதாவது சொல்வார். எட்டு கியரோடு நிறுத்தியதற்குக் காரணம், அதன் செயினும் பற்சக்கரமும் விலை மலிவு, நீண்டகாலம் உழைக்கும். கியர் மாற்ற, ஹேண்டில்பாரின் மேலே கட்டைவிரலால் தள்ளும் பழைய நெம்புகோலையே வைத்துக்கொண்டோம். எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது நெம்புகோல் நிற்கும் இடத்திலேயே தெரிகிறது.

இத்தனை காலத்தில் தொந்தரவு தந்தவற்றில் முதலிடம் செயின் கழன்று விழுவது. குண்டும் குழியுமான இறக்கத்தில், முன்னால் வழிகாட்டி இல்லாத ஒற்றைப் பற்சக்கரத்திலிருந்து அது எகிறிவிடும். ஒரு பல் அகலம், ஒரு பல் குறுகல் என மாறிமாறி வரும் பற்சக்கரத்தைப் போட்டதும் பெரும்பாலும் நின்றுவிட்டது. செயினை அளவாக வெட்டியதும் உதவியது. முற்றிலும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. அடுத்தது டயர். 26 அங்குலத்தில் நல்ல டயர் முன்போல் எங்கும் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. பிடித்த வகை கண்ணில் பட்டால் கூடுதலாக ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடுகிறேன். இரண்டு அங்குல அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால், சஸ்பென்ஷன் இல்லாத குறை பெரிதாகத் தெரிவதில்லை. வேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் வேகமாக இறங்கும் ஆசை உள்ளவருக்கு மட்டும் இந்த வண்டியை நான் சொல்ல மாட்டேன்.

இப்போது காத்திருக்கும் வேலை முன் ரிம். மழையில் பிரேக் கட்டையில் மணல் ஒட்டி, பக்கச்சுவரைத் தேய்த்துக் குழியாக்கிவிட்டது. விரலால் தடவினாலே தெரிகிறது. சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் நன்றாகவே இருப்பதால் ரிம்மை மட்டும் மாற்றி, புது ஸ்போக் கட்டிக் கோட்டம் எடுக்க வேண்டும். அதே கையோடு பின்னால் கேரியர் வேண்டும் என்கிறார். ஃபிரேமில் அதற்கான துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன.