லிப்ரே ஆபிஸ் நீண்டகால அனுபவம்: எல்லாம் சரி, அந்த 18 ஏன் 19 ஆகிறது?

மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் ஆண்டுச் சந்தா புதுப்பிக்கும் நேரம் வந்தாலே, "கடைக் கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றிவிடலாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கடிதம், கணக்கு எல்லாவற்றுக்குமான இந்த ஆபிஸ் மென்பொருள் தொகுப்பு இலவசம், எத்தனை கணினியிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதெல்லாம் தெரிந்ததே. தினமும் எரிச்சலூட்டும் ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸெல்லில் ஒரு கட்டத்தில் 18 என்று அடித்து, மூலையிலுள்ள சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால் முழுக்க 18தான் வரும். லிப்ரே ஆபிஸில் எக்ஸெல்லுக்கு இணையான கால்க்கில் இழுத்தால் 18, 19, 20, 21 என்று ஏறிக்கொண்டே போகும். ஜிஎஸ்டி வீதம் எழுதும் பத்தியில் இது நடந்தால் என்ன ஆகும்? தலா 10,000 ரூபாய்க்கு நான்கு உருப்படிகள் என்றால் 7,200 வரவேண்டிய வரி 7,800 ஆகிவிடும். எல்லாமே முறையான எண்கள் என்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. பில்லில் பொருளின் வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீட்டில் இன்னும் மோசம்: 7318 என்பது போல்ட், நட்டு, ஸ்க்ரூ, 7319 தையல் ஊசி, 7320 ஸ்பிரிங். ஒரே இழுப்பில் ஹார்டுவேர் கடை பில்லில் மூன்றும் வந்து உட்கார்ந்துவிடும்.

கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் கால்க் நகலெடுக்கும். ஆனால் எக்ஸெல்லில் இதுவே நேர்மாறு. அங்கே கண்ட்ரோலோடு இழுத்தால்தான் எண் ஏறும். ஆடிட்டர் அலுவலகத்தில் எக்ஸெல், கடையில் கால்க் என்று இரண்டிலும் வேலை செய்பவரின் கை எதைத்தான் பழகும்? அதனால் இழுப்பதையே விட்டுவிடச் சொல்வேன். முதல் கட்டத்தில் எண்ணை அடித்து, கீழே வேண்டிய கட்டங்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்+டி. இரண்டு மென்பொருளிலும் இது நகல்தான் எடுக்கும். அதைவிடப் பாதுகாப்பான வழி, பொருள் பட்டியலுக்குத் தனி ஷீட் வைத்து, குறியீட்டையும் வீதத்தையும் வி-லுக்கப் (பட்டியலில் தேடி எடுத்துத் தரும் ஃபார்முலா) போட்டு எடுப்பது. பழைய ஷீட்டுகளைச் சரிபார்க்க, வீதப் பத்தியைத் தேர்ந்தெடுத்து டேட்டா, வேலிடிட்டி போய் உங்கள் சரக்குக்கு உரிய வீதங்களை மட்டும் பட்டியலாகக் கொடுங்கள். பிறகு டூல்ஸ், டிடெக்டிவ், மார்க் இன்வேலிட் டேட்டா. தப்பான கட்டங்கள் குறியிட்டுக் காட்டப்படும்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும், அதுவும் நிறைய இருக்கிறது. பிடிஎஃப் ஏற்றுமதியில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்றொரு டிக் உண்டு. அதைப் போட்டால் மூலக் கோப்பும் அந்தப் பிடிஎஃபுக்குள்ளேயே இருக்கும். வாடிக்கையாளருக்கு அனுப்பிய அதே விலைப்புள்ளியை லிப்ரே ஆபிஸில் திறந்து, விலையை மாற்றி, மறுபடி அனுப்பலாம். மூலக் கோப்பு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று தேட வேண்டியதில்லை. இதற்காகவே இந்த மென்பொருளைக் கொண்டாடலாம். ஆப்ஷன்ஸில் லொகேலை (மொழி, நாடு அமைப்பை) இங்கிலீஷ் (இந்தியா) என்று வைத்தால் 12,34,567 என லட்சக் கணக்கில் கமா விழும். 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில் வி-லுக்கப்பின் மேம்பட்ட வடிவமான எக்ஸ்-லுக்கப்பும் சேர்ந்துவிட்டது.

தமிழில் கடிதம் அடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடிதம் அடிக்கும் மென்பொருளான ரைட்டரில் தமிழ் எழுத்துருவும் அதன் அளவும் ஆங்கிலத்திலிருந்து தனி. ஸ்டைலில் ஆங்கிலத்தை மட்டும் 11 ஆக்கினால் தமிழ் பழைய அளவிலேயே நிற்கும். ஆப்ஷன்ஸில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுக்குத் தமிழைத் தேர்ந்தெடுத்து, ஸ்டைலில் இரண்டு அளவையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பொது ஃபோல்டரில் வைத்த கோப்பு, யாரும் திறக்காதபோதும் 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று அடம்பிடித்தால், கரண்ட் போனபோது மிச்சமான லாக் கோப்புதான் பெரும்பாலும் காரணம். அதே ஃபோல்டரில் மறைந்திருக்கும். உண்மையிலேயே யாரும் திறந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அழித்துவிடலாம்.

ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கைத் தயாரிக்கும் ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் யுடிலிட்டி எக்ஸெல் மேக்ரோவில் (எக்ஸெல்லுக்குள் ஓடும் நிரலில்) ஓடுவது. அதைக் கால்க்கில் முயன்று நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கணினியில் எக்ஸெல் இருந்தே ஆக வேண்டும்.

கடிதம், விலைப்புள்ளி, சம்பளப் பட்டியல், இருப்புக் கணக்கு எல்லாவற்றுக்கும் தயங்காமல் மாறுங்கள். ஆனால் வீதத்தைக் கையால் அடித்து இழுத்தே பில் போடும் கடையாக இருந்தால், பொருள் பட்டியல் ஷீட் தயாராகும்வரை பில் மேஜையில் கால்க் வேண்டாம். இத்தனை புகழ்ந்த பிறகும் இதைத்தான் சொல்வேன். இழுப்பதை மாற்றிவைக்க ஆப்ஷன்ஸில் ஒரே ஒரு டிக் பெட்டி கொடுத்திருந்தால் இந்த நிபந்தனையே தேவைப்பட்டிருக்காது.