ஏழு வருஷமாக ஒரே அகராதி

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படித்தபோது மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் எட்டாம் பதிப்பு. தேர்வெல்லாம் முடிந்துவிட்டது. 2015லும் 2020லும் புதிய பதிப்புகள் வந்துவிட்டன. நான் இன்னும் செலோ டேப் ஒட்டிய இதைத்தான் புரட்டுகிறேன்.

வெறும் பொருள் பார்க்க இவ்வளவு கனம் தேவையில்லை, மொபைலே போதும். எனக்கு உதவியது சொல்லின் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் நிற்கும் ஓரெழுத்து. 'யு' என்று இருந்தால் எண்ண முடியாத பெயர். பன்மை போடக் கூடாது. நாம் அறிவுரைகள், தகவல்கள், கருவிகள் என்று சொல்லிப் பழகியவர்கள். கை தானாகவே 'அட்வைசஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதிவிடும். எதிர்த்திசையிலும் சறுக்குவோம். 'பத்து மாடு வந்தன' நமக்குத் தவறே இல்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவான பெயர், அதாவது பால்பகா அஃறிணை, என்று நன்னூலே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் 'மெனி ரீசன்' என்று எழுதினால் ஆங்கிலத்தில் மதிப்பெண் போகும். ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் நான்கு அளவுகோல்கள். சொல்வளமும் இலக்கணமும் சேர்ந்தாலே பாதி மதிப்பெண்.

இந்த அகராதி பிறந்த கதை பிறகுதான் தெரிந்தது. இதைத் தொகுத்தவர்களில் முதன்மையான ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். முதல் வடிவம் 1942இல் அங்கேதான் வெளிவந்தது. ஜப்பானிய மொழியிலும் 'ஏ', 'தி' கிடையாது, பன்மைக் கட்டாயமும் கிடையாது. நம் கஷ்டம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்ற வியப்பு அன்றோடு தீர்ந்தது.

'டிஸ்கஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். 'பற்றி விவாதித்தோம்' என்பதை அப்படியே கொண்டுபோய் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவது எனக்கு இருபது வருஷப் பழக்கம். அப்படிச் சொல்லக் கூடாது என்று அந்தச் சொல்லின் கீழேயே அச்சிட்டிருக்கிறார்கள். 'எகனாமிக்', 'எகனாமிக்கல்' இரண்டுக்கும் தனிப் பெட்டி: முதலாவது பொருளாதாரம் சார்ந்தது, அடுத்தது சிக்கனமானது. 'எகனாமிக்கல் குரோத்' என்று அலுவலக அறிக்கையில் எழுதி அனுப்பியிருக்கிறேன். சிக்கன வளர்ச்சி! யாரும் கண்டுகொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

நடுவில் ஒரு வருஷம் காசு கட்டி, பிழை திருத்தும் செயலி ஒன்றையும் வைத்திருந்தேன். எழுத்துப்பிழைக்கும் விட்டுப்போன காற்புள்ளிக்கும் நல்ல ஆள். ஆனால் செயப்பாட்டு வினையைக் கண்டாலே கோடு போடும். யார் செய்தார் என்பது முக்கியமில்லாத இடத்தில் செயப்பாட்டு வினைதானே சரி? அதைவிட மோசம், திருத்தத்தைச் சொடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். மறுவாரம் அதே தவறு. அகராதியில் தேடி எடுத்தது மனதில் தங்கியது. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால்தானே அகராதியைத் திறப்போம்? 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுவது தவறென்று எனக்கு வருஷக்கணக்கில் சந்தேகமே வரவில்லை. இன்னொருவர் என் கட்டுரையைப் படித்து வட்டம் போட்ட பிறகுதான் உறைத்தது. அப்படிப் பிடிபட்டவற்றைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைக்கிறேன். போன மாதம் ஏறியது 'ஸ்டாஃப்ஸ்'.