35-ஆ, 50-ஆ: சென்னைத் தெருவில் நடப்பவருக்கு எந்த லென்ஸ்?

கீழ் வீட்டுத் தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கேனான் கேமரா வைத்திருக்கிறான். அதோடு வந்த 18-55 கிட் லென்ஸிலேயே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டான். போன வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அண்ணா, அடுத்தது 50 எம்எம் வாங்கிடலாம்னு இருக்கேன். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றான்.

"என்ன எடுக்கப் போற?"

"தெருதான் அண்ணா. மயிலாப்பூர், பாரிஸ் கார்னர், காசிமேடு."

தெருவுக்கு என்றால் 50 வேண்டாம். முதலில் 35 பக்கம் பார்க்க வேண்டும். இந்த எம்எம் எண்தான் லென்ஸின் குவியத் தூரம். அது கூடக் கூட லென்ஸ் குறைந்த இடத்தை நெருக்கமாகக் காட்டும். இரண்டையும் நிக்கான் க்ராப் சென்சார் கேமராவில் பல வருடங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

"முதலில் 50 வாங்கு" என்ற அறிவுரை ஃபிலிம் காலத்தில் பிறந்தது. அன்றைய எஸ்எல்ஆர் கேமராக்கள் பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸோடுதான் கடைக்கு வந்தன. 36-க்கு 24 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டத்தில் அது ரொம்ப விரிவாகவும் காட்டாது, ரொம்ப நெருக்கமாகவும் காட்டாது. இன்று நம்மில் பலர் கையில் இருப்பதோ அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் (க்ராப் சென்சார் என்பது இதுதான்). நிக்கான், சோனி, ஃபூஜியில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். 50 எம்எம் லென்ஸ் 75 அல்லது 80 போல நடந்துகொள்ளும். 35 எம்எம் லென்ஸ் நிக்கானில் சுமார் 52, கேனானில் 56. பழைய 50 உட்கார்ந்திருந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது 35. கேமரா மாறிவிட்டது, அறிவுரை மாறவில்லை.

இதைத் தூரமாக மாற்றிச் சொன்னால் இன்னும் விளங்கும். ஒரு பூக்காரம்மாவை முழு உருவமாக, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவைப் படுக்கையாகப் பிடித்து எடுக்க வேண்டும். நிக்கானில் 50 போட்டால் சுமார் 21 அடி தள்ளி நிற்க வேண்டும். 35 போட்டால் 15 அடி போதும். ஆறு அடிதான் வித்தியாசம். ஆனால் வடக்கு மாட வீதியில் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ஆறு அடிக்குள் ஒரு ஆட்டோ, இரண்டு ஸ்கூட்டர், ஒரு தள்ளுவண்டி எல்லாம் வந்து நின்றுவிடும். சவுகார்பேட்டை சந்துகளில் 21 அடி பின்னால் போனால் எதிர்க் கடைக்குள் இருப்போம். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். ஹால் 10-க்கு 12 என்றால், சுவரோடு சாய்ந்து நின்றாலும் 50-ல் நான்கு பேரை ஒரே சட்டத்தில் உட்காரவைக்க முடியாது.

அறுபத்துமூவர் அன்று இதை நன்றாகப் பார்த்தேன். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், கபாலீசுவரரோடு 63 நாயன்மார்களும் மாட வீதிகளில் வலம் வரும் மதியம். ஒரு வருடம் 50 மட்டும் கொண்டுபோனேன். வந்ததெல்லாம் முகங்கள்: சப்பரம் தூக்குபவரின் வியர்வை, ஒரு பாட்டியின் கைகூப்பல். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல படங்கள்தான். ஆனால் அது மயிலாப்பூர் என்று சொல்ல அவற்றில் ஒன்றுமே இல்லை. அடுத்த வருடம் 35 கொண்டுபோனேன். அதே நெரிசல், அதே நிற்கும் இடம். நாயன்மார் விக்கிரகம், தோள் கொடுப்பவர்கள், ஓரத்தில் நீர்மோர் பானை வைத்து ஊற்றிக் கொடுப்பவர், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தைகள் எல்லாம் ஒரே சட்டத்தில் வந்தன. தெருப் படத்தில் மனிதரைச் சுற்றி ஊர் இருக்க வேண்டும். எனக்கு அது ரொம்ப முக்கியம்.

சரி, 50-க்கு நியாயம் செய்யாமல் போகக்கூடாது. முகம் என்று வந்துவிட்டால் அதுதான் ஜெயிக்கிறது. தலையும் தோளும் சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் 35-ஐ வைத்துக்கொண்டு ஆளின் மூக்குக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஒதுங்கும். இது லென்ஸின் குறையல்ல, நிற்கும் தூரத்தின் விளைவு. 50-ல் இன்னும் இரண்டு எட்டு தள்ளி நிற்கலாம், முகம் அதன் அளவில் வரும். பின்னணி கரைவதிலும் 50-க்கே மதிப்பெண். இரண்டும் எஃப் 1.8 (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும், வெளிச்சம் கூடும்) என்றாலும், 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் வரும் துளையின் விட்டம் கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர். 35-ல் அது 19-தான். ஒரே அளவுக்கு முகத்தை எடுத்தால் தூரத்துத் தெருவிளக்குகள் 50-ல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிய உருண்டைகளாகக் கரையும். தூளியில் தூங்கும் குழந்தை, நிச்சயதார்த்த வீட்டில் மருதாணிக் கை, மேடைக்கு முன்வரிசையில் இருந்து மணப்பெண் முகம் என்றால் யோசிக்காமல் 50 வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஐந்து அடி தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கும். ஆள் லேசாக ஆடினால் கண்ணும் போய்விடும். 50 வாங்கிய புதிதில் பலரும் "லென்ஸ் ஷார்ப்பாக இல்லை" என்று வருத்தப்படுவது இதனால்தான். எஃப் 2.8-க்குக் கொண்டுவந்து பாருங்கள், அதே லென்ஸ் வேறு மாதிரி இருக்கும்.

கிட் லென்ஸையே 35-ல் வைத்து எடுத்தால் ஆகாதா என்று தம்பி கேட்டான். பகலில் ஆகும். இருட்டினால் ஆகாது. 35-ல் வைக்கும்போது கிட் லென்ஸின் துளை (அப்பர்ச்சர்) எவ்வளவு திறந்தாலும் எஃப் 4.5-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். எஃப் 1.8 அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பூக்கடைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் நொடியில் இருபதில் ஒரு பங்கில் எடுக்க வேண்டிய படத்தை நொடியில் 125-ல் ஒரு பங்கில் எடுத்துவிடலாம். கிட் லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்றால், அது நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும். பூத் தொடுக்கும் விரல்களை நிறுத்திவைக்க ஷட்டர் வேகத்தால்தான் முடியும்.

அதற்காகக் கிட் லென்ஸைப் பரணில் போட்டுவிட வேண்டாம். காசிமேட்டில் விடியற்காலையில் படகு கரை சேரும்போது எனக்கு அதுதான் துணை. உப்புக் காற்றிலும் மீன் தண்ணீர் தெறிக்கும் இடத்திலும் லென்ஸைக் கழற்றி மாட்டுவது கேமராவுக்குக் கெடுதல். அங்கே 18-லிருந்து 55 வரை ஒரே லென்ஸில் இருப்பது பெரிய வசதி. சுமார் 120 அடி உயரக் கபாலீசுவரர் கிழக்குக் கோபுரத்தைப் பக்கத்தில் நின்று முழுதாக எடுக்கவும் அந்த 18 வேண்டும். தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 55-250, 70-300 போன்ற டெலி ஜூம்களைப் பற்றி ஒரே வரி: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரையும் நீலத் தாழைக்கோழியும்தான் உங்கள் ஆசை என்றால் இந்த 35, 50 பேச்சையே விட்டுவிட்டு நேராக அதை வாங்குங்கள். தெருவுக்கு அது உதவாது.

கம்பெனி வாரியாகப் பார்த்தால் வழி ஒரே மாதிரி இல்லை. நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு 2009-ல் வந்த டிஎக்ஸ் (க்ராப் சென்சாருக்கான) 35 எஃப் 1.8 ஜி இருக்கிறது. 200 கிராம்தான், ஒரு அடி தூரம் வரை ஃபோகஸ் ஆகும், பழைய சந்தையிலும் தாராளமாகக் கிடைக்கிறது. நாளைக்கு ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது ஃபிலிம் சட்டத்தின் அளவே உள்ள சென்சாருக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். டிஎக்ஸ் லென்ஸ் அங்கே சென்சாரின் நடுப்பகுதிக்குத்தான் போதும், 50 எஃப் 1.8 ஜி முழுதாக வேலை செய்யும். பழைய 50 எஃப் 1.8 டி மலிவாகக் கிடைக்கிறதென்று அவசரப்படாதீர்கள். டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அந்த லென்ஸில் ஃபோகஸைக் கையால் திருகித்தான் ஆக வேண்டும். சோனியில் ஏபிஎஸ்-சிக்கென்றே ஸ்டெபிலைசரோடு 35 எஃப் 1.8 உண்டு.

கேனானில்தான் சிக்கல். 2015-ல் வந்த 50 எஃப் 1.8 எஸ்டிஎம் அதன் விலைக்கு அருமையான லென்ஸ். 160 கிராம், 35 சென்டிமீட்டர் வரை பக்கத்தில் போகலாம். அதே விலைத் தட்டில் 35 எஃப் 1.8 ஒன்றைக் கேனான் தன் க்ராப் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்குத் தரவில்லை. 35 எஃப் 2 ஐஎஸ் நல்ல லென்ஸ், ஆனால் விலை அதிகம். இருக்கும் இன்னொரு வழி 24 எஃப் 2.8 எஸ்டிஎம், தட்டையான பான்கேக் லென்ஸ். 125 கிராம், 1.6 மடங்கில் கிட்டத்தட்ட 38 போல நடந்துகொள்ளும். அந்தப் பூக்காரம்மாவைப் பத்தரை அடியிலிருந்து முழுதாக எடுத்துவிடலாம். ஆனால் வெளிச்சம், கிட் லென்ஸை அதே 24-ல் வைத்தால் வருவதைவிட இரண்டு மடங்குதான் கூடும். இரவு எட்டு மணிக்கு ஐஎஸ்ஓ-வை (சென்சாரின் ஒளி உணர்திறன் எண்ணை) 3200, 6400 என்று ஏற்றித்தான் ஆக வேண்டும்.

அப்படி ஏற்றிய படங்களுக்கு எடிட்டிங் மென்பொருள் எது என்பது அடுத்த கேள்வி. என் கணினியில் லைட்ரூம் கிளாசிக், டார்க்டேபிள் இரண்டும் இருக்கின்றன. நாய்ஸ் (ஐஎஸ்ஓ ஏற்றினால் படத்தில் வரும் புள்ளிகள்) குறைப்பதில் லைட்ரூமுக்கு 2023-ல் வந்த ஏஐ டீனாய்ஸ் அபாரம். 6400-ல் எடுத்த மாட வீதிப் படம் 1600-ல் எடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்கே ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். சந்தாவும் மாதாமாதம் கட்ட வேண்டும். நிறுத்தினால் படங்களைப் பார்க்கலாம், படத்தைத் திருத்தும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். டார்க்டேபிள் இலவசம், 2009-லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வருவது. கேமராவுக்குக் கேமரா அளந்து வைத்த நாய்ஸ் கணக்கு அதற்குள் இருக்கிறது, பெரும்பாலான படங்களுக்கு அதுவே போதும். பழகத்தான் நாளாகும். முதல் இரண்டு வாரம் எந்த ஸ்லைடர் எங்கே என்று தேடியே பொழுது போகும். மாணவன் கையில் காசு குறைவு, நேரம் உண்டு. தம்பிக்கு டார்க்டேபிளைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள். நான் இப்படிப் பார்க்காமல் ஒரு 50-ஐ வாங்கி, சுத்தம் செய்யவே விலையில் பாதியைக் கொடுத்தேன். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் புது லென்ஸும் தப்பாது. ட்ரை கேபினெட் வாங்க முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி மூன்றும் போதும். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் தம்பியின் லேப்டாப்பில் ஒரு வேலை செய்தோம். ஒரு வருடமாக எடுத்த படங்கள் அனைத்தையும் டார்க்டேபிளில் ஏற்றி, குவியத் தூரம் வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். லைட்ரூமிலும் இதைச் செய்யலாம். 50-ஐ ஒட்டிய படங்கள் இருந்தன, பெரும்பாலும் அவன் தங்கச்சியின் முகம். தெருப் படங்கள் அநேகமாக எல்லாம் 18-க்கும் 30-க்கும் நடுவில். அவனுக்கே ஆச்சரியம். "அப்ப 35-கூட எனக்கு டைட்தான் போல அண்ணா" என்றான். 24 பான்கேக்கைத் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைக்கும்வரை, கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 24-ல் வைத்து செல்லோடேப் ஒட்டிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போகிறோம்.