முட்டையை வெட்டித் திறப்பதா, விட்டுவிடுவதா?

பால் பைத்தான் (ball python) என்பது வீட்டில் வளர்க்கப்படும் ஒரு வகை மலைப்பாம்பு. அதன் முட்டைகள் 31–32 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் 55 முதல் 60 நாளில் பொரியும். குட்டி முட்டைப்பல்லால் (முட்டையைக் கிழிக்க வாய் நுனியில் இருக்கும் சின்னப் பல்) முட்டைத் தோலைக் கீறித் தலையை நீட்டும். அப்புறம் ஓரிரு நாள் உள்ளேயே கிடந்து, மீதி மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டு வெளியே வரும். முந்திக்கொண்டு வெட்டினால் ரத்தக்குழாய் அறுபடலாம், கிருமியும் நுழையலாம். குட்டியின் நிறத்தைச் சீக்கிரம் பார்க்கும் ஆசைக்காக வெட்டுவது எனக்கு ஒப்பாத வேலை.

சரி, வெட்டவே கூடாதா? முதுகெலும்பு வளைந்த குட்டிக்குச் சில நேரம் தோலைக் கிழிக்கத் தெம்பிருக்காது. மற்ற முட்டைகள் எல்லாம் கீறி ஒரு நாள் கடந்தும் ஒன்று மட்டும் அப்படியே கிடந்தால், டார்ச் அடித்து ரத்தக்குழாய் இல்லாத இடம் பார்த்து, மேல்பக்கம் சின்ன ஜன்னல் வெட்டலாம். குட்டியை வெளியே இழுக்க மட்டும் கூடாது. வளைவு மோசமாக இருந்து இரை இறங்காது என்று தோன்றினால், கால்நடை மருத்துவரிடம் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும்.