நடுவில் ஓராண்டு வேலை: இங்கிலாந்தின் நான்காண்டு கணக்கியல், நிதிப் பட்டப்படிப்பு பற்றி ஒரு வேலூர் மாணவியின் மதிப்பீடு

எங்கள் ஊரில் ‘பிளேஸ்மென்ட்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. கடைசி ஆண்டில் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கு வந்து தேர்வு வைத்து ஆள் எடுப்பதை அப்படிச் சொல்வோம். பொறியியல் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளைப் பார்த்தே வளர்ந்த காட்பாடிப் பிள்ளைகளுக்கு அதற்கு வேறு பொருள் இருக்கக்கூடும் என்று தோன்றவே தோன்றாது. 2021-இல் வேலூரில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை அலுவலகத்தில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தபோது, அங்கிருந்தவர் “இந்தக் கோர்ஸ்லயே ஒரு வருஷம் பிளேஸ்மென்ட் இருக்கு சார், பாப்பா சம்பாதிச்சிக்கிட்டே படிக்கலாம்” என்றார். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணக்கெழுதும் என் அப்பா, படித்து முடித்தால் வேலை உறுதி என்றே அதைப் புரிந்துகொண்டார். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பட்ட பாட்டையும், அதையும் மீறி இந்தப் படிப்பில் கிடைத்த நல்லதையும் இனி இதே மேசைக்கு முன்னால் உட்காரப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் படிப்பின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாண்டு வகுப்பு, மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு நிறுவனத்தில் முழுநேர வேலை, நான்காம் ஆண்டு மீண்டும் வகுப்பு. அங்கே ‘பிளேஸ்மென்ட்’ என்பது நடுவில் வரும் இந்தப் பயிற்சி ஆண்டைத்தான். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வேலையை வைத்திருப்பதால் அங்கே இதைச் ‘சாண்ட்விச்’ படிப்பு என்கிறார்கள். 1903-இல் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய இந்த முறை பின்னர் வணிகவியலுக்கும் கணக்கியலுக்கும் வந்தது. பாத், லஃப்பரோ, ஆஸ்டன், சர்ரே ஆகிய பல்கலைக்கழகங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. நான் படித்தது இவற்றில் எதுவும் அல்ல; குறைகளையும் எழுதப் போவதால் அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முதல் பருவம் ஏறக்குறைய மறுபதிப்புதான். பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், வங்கிச் சரிகட்டும் பட்டியல் என எல்லாம் தெரிந்தவையே. பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் மாறியிருக்கும். தடுமாற்றம் கட்டுரை எழுதுவதில் வருகிறது. கணக்கைச் சரியாகப் போட்டால் முழு மதிப்பெண் என்று பழகிய நமக்கு, அந்த எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று இரண்டாயிரம் சொற்களில் எழுதச் சொன்னால் கை ஓடாது. எனக்கும் முதல் இரண்டு கட்டுரைகளில் மதிப்பெண் மோசம். வரிப் பாடம் முழுக்க முழுக்க அந்நாட்டு வரியைப் பற்றியதுதான். அவர்களுடைய வரியாண்டு ஏப்ரல் 5-இல் முடியும் கதை கேட்கச் சுவையாக இருந்தாலும், ராணிப்பேட்டையில் உட்கார்ந்து ஜிஎஸ்டி தாக்கல் செய்பவளுக்கு இன்றுவரை அது எதற்கும் பயன்படவில்லை.

உண்மையான சோதனை இரண்டாம் ஆண்டின் செப்டம்பரில் தொடங்குகிறது. பயிற்சி இடத்தைப் பல்கலைக்கழகம் தேடித் தருவதில்லை. நாமே தேடிக்கொள்ள வேண்டும். பெரிய தணிக்கை நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான இடங்களை அப்போதே அறிவித்து, விண்ணப்பம் வர வர நிரப்பிக்கொண்டே போகின்றன. கணினியில் எண்கணிதத் தேர்வு, ‘இந்தச் சூழலில் நீங்கள் என்ன செய்வீர்கள்’ என்று கேட்கும் இன்னொரு தேர்வு, கேமராவைப் பார்த்துப் பேச வேண்டிய நேர்காணல், கடைசியாக ஒரு நாள் முழுவதும் குழுவாக உட்கார்த்தி வைத்துப் பார்க்கும் தேர்வு என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் நான்கு படிகள் ஏற வேண்டும். எதிரில் ஆள் இல்லாத அறையில், திரையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தபடி, என்னைப் பற்றி நானே தொண்ணூறு வினாடி பேசிய முதல் நேர்காணலை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. தன்விவரக் குறிப்பைத் திருத்திக் கொடுப்பதை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் வரும் சிக்கலைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ‘உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையா’ (அதாவது, வேலை விசாவுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டுமா) என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தெரியாமல் ‘ஆம்’ என்று குறித்துவிட்டு, பதினொரு நிறுவனங்களில் முதல் படியிலேயே வெளியேற்றப்பட்டேன். உண்மையில் பயிற்சி ஆண்டு பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தால், வழக்கமாக வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்தும் அதே மாணவர் விசாவே அந்த ஓராண்டு முழுநேர வேலைக்கும் அனுமதி தருகிறது. நிறுவனத்திடம் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு மூத்த மாணவர் உணவுக்கூடத்தில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதன்பின் ஒவ்வொரு விண்ணப்பக் கடிதத்திலும் இந்த ஒரு வரியை முதலிலேயே எழுதினேன். பிப்ரவரிக் கடைசியில் ஒரு நடுத்தரத் தணிக்கை நிறுவனத்தில் இடம் கிடைத்தது. எங்கள் வகுப்பில் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். அவர்கள் மூன்றாண்டுப் படிப்புக்கு மாறிக்கொண்டார்கள். அப்படி மாறும்போது விசாவின் காலமும் சுருங்கும் என்பதை ஆலோசனை அலுவலகங்கள் சொல்வதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்து மாணவர்களிடம் பயிற்சி ஆண்டுக்கு, முழுக் கட்டண உச்சவரம்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பல்கலைக்கழகம் வைத்ததுதான் கட்டணம். ஆகவே சேருவதற்கு முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விசா ஓராண்டு நீளுவதால், அந்நாட்டு அரசு மருத்துவ வசதிக்காக விசாவோடு வாங்கும் மருத்துவக் கூடுதல் கட்டணமும் ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். நான் போனபோது மாணவர்களுக்கு ஆண்டுக்கு 470 பவுண்டாக இருந்த அது, 2024 பிப்ரவரியிலிருந்து 776 பவுண்டு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பட்டப்படிப்பின் பகுதியாக ஓராண்டு வரை பயிற்சி செய்யும் மாணவர்களுக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. நல்ல நிறுவனங்கள் நியாயமான சம்பளம் தருகின்றன, எனக்கும் தந்தார்கள்; ஆனால் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் சம்பளம் அறை வாடகை, சாப்பாடு, ரயில் அட்டை ஆகியவை போக, ஊரில் ஓடிக்கொண்டிருந்த கல்விக் கடனின் வட்டியைக் கட்டவும் போதுமாக இருந்தது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ‘சம்பாதித்துக்கொண்டே படிக்கலாம்’ என்பதன் முழு அர்த்தமும் அவ்வளவுதான். இந்தியாவில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டாண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு. அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இவ்வளவு குறை சொன்னபின், அந்த ஓராண்டை ஏன் இன்னும் உயர்வாக மதிக்கிறேன் என்பதற்கு ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 30 அன்று, பித்தளைக் குழாய் இணைப்புகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் ஆண்டிறுதிச் சரக்குக் கணக்கெடுப்பைப் பார்வையிட என்னையும் என் மேலாளரையும் அனுப்பினார்கள். கிடங்கில் வெப்பமூட்டி கிடையாது. வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்குப் பேனாவைப் பிடிக்கவே கை வரவில்லை. எங்கள் வேலை இரண்டு பக்கமும் ஓடுவது. பட்டியலில் இருக்கும் சரக்கு தரையில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு பக்கம். தரையில் இருக்கும் சரக்கு பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது மறு பக்கம். முதலாவது இல்லாத சரக்கைக் காட்டுவதைப் பிடிக்கும். இரண்டாவது இருக்கும் சரக்கை விட்டுவிடுவதைப் பிடிக்கும். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரிகள்.

சின்ன இணைப்புகளை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நூறு எண்ணி எடை போட்டு, பிறகு பெட்டியோடு மொத்தமாகத் தராசில் வைத்து, பெட்டியின் எடையைக் கழித்து, மீதியை வகுத்து எண்ணிக்கை கண்டுபிடிப்பார்கள். மூன்றாவது வரிசையில் நான் சும்மா ஒரு பெட்டியைக் கொட்டி எண்ணிப் பார்த்தேன். பட்டியலில் இருந்ததைவிடக் குறைவாக வந்தது. அடுத்த பெட்டியிலும் அப்படியே. தராசு சரியாகத்தான் இருந்தது. மற்ற வரிசைகளில் பிளாஸ்டிக் பெட்டிகள். இந்த வரிசையில் மட்டும் இரும்புப் பெட்டிகள். கழித்திருந்ததோ எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் எடைதான். இரும்பின் மிச்ச எடை முழுவதும் பித்தளையாக மாறி ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) ஏறவிருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. முந்தைய வாரம் பெட்டிகளை மாற்றியவர் கணக்குப் பிரிவுக்குச் சொல்லவில்லை, அவ்வளவே.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பச்சைத் தோல் வாங்கும்போது உப்பை உதறிவிட்டுத்தான் எடை போட வேண்டும் என்றார். மாட்டுத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அனுப்புவார்கள். உதறாமல் தராசில் ஏற்றினால் தோல் விலைக்கு உப்பை வாங்கியதாகிவிடும். சின்ன வயதில் அவர் கால்சட்டை மடிப்பிலிருந்து அம்மா உப்பைத் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் ஐந்தொகைக்கும் தொடர்பு இருக்கும் என்று அந்தக் குளிரில் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரம் மேலாளர் இந்த விவரத்தை என் பெயரிலேயே தணிக்கைத் தாளில் எழுதச் சொன்னார். திருத்தம் கணக்கில் ஏறியது.

பயிற்சி ஆண்டுக்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டும்தான். மாதாமாதம் ஒரு குறிப்பேடும் கடைசியில் ஓர் அறிக்கையும் எழுத வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆசிரியர் வந்து பார்ப்பார். எனக்கு வந்தவர் அரை மணி நேரம் காணொளியில் பேசியதோடு சரி. ஆனால் நான்காம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தபோது படிப்பே வேறு மாதிரி இருந்தது. குத்தகைக் கணக்கியல் பாடத்தை நடத்தியபோது, 2019-க்கு முன் ஐந்தொகைக்கு வெளியே நின்ற வாடகைக் கடைகளும் வண்டிகளும் ஏன் உள்ளே கொண்டுவரப்பட்டன என்பதை நான் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை; அந்த ஒப்பந்தங்களைக் கோப்பிலிருந்து எடுத்து நானே அட்டவணை போட்டிருந்தேன். கட்டுரைகளும் கைக்கு வந்தன. ஒரே வருத்தம், முதலிரண்டு ஆண்டுகள் கூடப் படித்த மூன்றாண்டு மாணவர்கள் அதற்குள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். தெரிந்த முகம் இல்லாத வகுப்பில் கடைசி ஆண்டைக் கழிக்க வேண்டியிருந்தது.

வேலூரில் எல்லோரும் கேட்பது, ‘இதற்கு இங்கேயே சிஏ படித்து ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் சேர்ந்து செய்யும் கட்டாயப் பயிற்சி) செய்யலாமே’ என்பதுதான். நியாயமான கேள்வி. 2023 ஜூலையிலிருந்து ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. செலவு மிகக் குறைவு. இங்குள்ள ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜவுளிக் கடை, அரிசி மண்டி, தோல் ஏற்றுமதி, பள்ளி அறக்கட்டளை என்று எல்லாக் கணக்கும் கைக்கு வரும். இந்தியாவில் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட சிஏவாக இருந்தே ஆக வேண்டும். என் பட்டத்துக்கு அந்த உரிமை இல்லை. இந்தப் பட்டம் தருவது வேறு. பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தைப் பொறுத்து இங்கிலாந்தின் கணக்காளர் தகுதித் தேர்வான ஏசிசிஏவின் 13 தாள்களில் 9 வரை விலக்கு கிடைக்கும், விலக்குக்கும் கட்டணம் உண்டு. அவர்கள் கேட்கும் 36 மாதப் பணி அனுபவத்தில் பயிற்சி ஆண்டின் 12 மாதங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்றுமதி நிறுவனங்களில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கையாளர் கேட்கும் விவரங்களைக் கொடுக்கும் இடத்தில், எனக்குக் கிடைத்திருப்பதைப் போல ஒரு வேலைக்கு அது உதவும். கையெழுத்துப் போடும் ஆடிட்டராக வேண்டுமென்றால் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் வருவதே போதும்.

மதிப்பிடச் சொன்னால், வகுப்புகளுக்கு ஐந்துக்கு மூன்று, பயிற்சி தேட உதவிய அலுவலகத்துக்கு இரண்டு, பயிற்சி ஆண்டுக்கு நாலரை கொடுப்பேன். வீட்டை அடமானம் வைத்துத்தான் போக முடியும் என்றால் போக வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பயிற்சி கிடைக்காமல் மூன்றாண்டில் முடித்தாலும் கடனைத் தாங்க முடியும் என்ற குடும்பங்கள் மட்டும் இதை யோசிக்கலாம்.

சென்ற மாதம் என் சித்தி மகனுக்காக அதே ஆலோசனை அலுவலகத்துக்குப் போனேன். அதே மேசை, அதே விளம்பரத் தாள். பயிற்சி ஆண்டுக்கு வெளிநாட்டு மாணவரின் கட்டணம் எவ்வளவு, இடம் கிடைக்காவிட்டால் விசா என்னவாகும், சென்ற ஆண்டு இந்தப் படிப்பில் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி கிடைத்தது என்று மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் படித்துவிட்டு, “ஹெட் ஆபீஸ்ல கேட்டு வாட்ஸாப்ல அனுப்புறேன் மேடம்” என்று சொல்லித் தேநீர் வரவழைத்தார். தேநீர் நன்றாக இருந்தது. பதில் இன்னும் வரவில்லை.