பிரஷர் பார்க்க பஸ் ஏறணுமா, வீட்டிலிருந்தே அனுப்பலாமா?

தக்கலையில் இருக்கும் என் மயினிக்குக் கிட்னியில் கேன்சர். பசோபனிப் மாத்திரை எழுதும்போதே டாக்டர், "இது பிரஷரை ஏத்தும், ஆரம்பத்துல அடிக்கடி பாக்கணும்" என்றார். சுனிடினிப், லென்வாடினிப், பெவாசிசுமாப் ஊசி எல்லாம் இதே ரகம்தான். கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்கவிடாத மருந்து, உடம்பில் இருக்கிற குழாய்களையும் இறுக்கிவிடும்.

செக்கப்புக்குப் போகும்போது மட்டும் பார்த்தால் போதுமா? மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்டி திருவனந்தபுரம் கேன்சர் ஆஸ்பத்திரி ஆர்.சி.சி.க்குப் போய் உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஏறாது? நடுவில் ஏறி இறங்கியதும் தெரியாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வருகிறது. ஆனால் தினசரி பார்க்க அது ஆகாது.

அப்போ வீட்டில் மெஷின். துபாயிலிருந்து மருமகன் மணிக்கட்டில் கட்டுவதை அனுப்பினான். மடியில் கை வைத்தால் 154, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினால் 141! அதை அலமாரியில் போட்டுவிட்டு, மேற்கையில் கட்டுவதை வாங்கினோம். அதிலும் பட்டை அளவு முக்கியம். சிகிச்சையில் கை மெலிந்தவருக்குப் பெரிய பட்டை கட்டினால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். மார்பக ஆபரேஷனில் அக்குள் நெறி எடுத்த பக்கம், மருந்து ஏற்ற நீளக் குழாய் (பிக் லைன்) போட்ட கை, இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

அடுத்த கேள்வி, நோட்டா புளூடூத்தா? நோட்டில் மயினி 148-ஐ 138 என்று எழுதியிருந்தார். கேட்டால், "ஒங்க அண்ணன் பயந்துருவாவ" என்கிறார். புளூடூத் மெஷினில் இந்தத் திருட்டு நடக்காது. ஆனால் செயலி இருக்கும் போன் பையனோடு வேலைக்குப் போய்விடும். அளவு போய்ச் சேருவதும் துபாய் மருமகனுக்குத்தான், ஆஸ்பத்திரி நர்சுக்கு இல்லை. விலையும் கூட.

என் ஓட்டு சாதா மெஷினுக்கே. ஆனால் நோட்டைப் படம் எடுக்காமல், மெஷின் திரையையே படம் எடுத்து நர்சுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காலையும் இரவும் 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் 2 தடவை. வீட்டு அளவு 135/85-க்கு மேலேயே நின்றால் சொல்ல வேண்டும். 180/110-ஐத் தொட்டு, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, நேரே ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிதான்.

மூன்றாவது வாரம் இரண்டு நாள் காலையில் 160-ஐத் தாண்டியது. பதினொரு மணிக்கு நர்சிடமிருந்து போன். பிரஷர் மாத்திரை அம்லோடிபின் ஒன்று கூடியது, கேன்சர் மாத்திரை நிற்கவில்லை. மயினிக்கு ஒரே வருத்தம், அன்றிலிருந்து நெத்திலிக் கருவாடு கட்.